தீவு அணிகள் ஏன் தோற்கின்றன? 'சின்ன நாடு' என்பது மட்டும் பதில் இல்லை

2013 ஜூன் 17. பிரேசிலின் பெலோ ஹொரிசொன்டே நகரம். கான்ஃபெடரேஷன்ஸ் கிண்ணக் காற்பந்தில் நைஜீரியா 3-0 என்று முன்னணியில் இருக்கிறது. எதிரணி, தஹிட்டி. ஆட்டத்தின் 54ஆவது நிமிடம். தஹிட்டியின் ஜோனத்தன் தெஹாவு பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் தள்ளுகிறார். அரங்கமே எழுந்து கத்துகிறது. ஆட்டக்காரர்கள் புல்தரையில் வரிசையாக அமர்ந்து, படகில் துடுப்பு வலிப்பதுபோல் கைகளை அசைக்கிறார்கள்.

இத்தனைக்கும் அவர்கள் இன்னும் 2 கோல் பின்தங்கித்தான் இருந்தார்கள். ஆட்டம் 6-1 என்று முடிந்தது. அடுத்து ஸ்பெயினிடம் 10-0. அதற்கடுத்து உருகுவேயிடம் 8-0. மூன்று ஆட்டங்களில் வாங்கியது 24 கோல், போட்டது ஒன்றே ஒன்று.

"அப்படின்னா இவங்க எதுக்கு அங்க போனாங்க?" இதுதானே உங்கள் மனத்தில் எழும் கேள்வி? நியாயமான கேள்விதான். இந்த ஆண்டு உலகக் கிண்ணப் போட்டி நெருங்கும் நேரத்தில் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். ஏனென்றால் பசிபிக் தீவுகளின் காற்பந்தில் இப்போது சில பெரிய மாற்றங்கள் நடக்கின்றன.

முதலில், தஹிட்டி அங்கே எப்படிப் போனது?

உலகக் காற்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபாவின்கீழ் 6 வட்டாரக் கூட்டமைப்புகள் உள்ளன. நாம் இருப்பது ஆசியாவில். ஓசியானியா என்பது அவற்றில் ஒன்று. அதில் 11 முழு உறுப்பினர்கள்: நியூசிலந்து, பாப்புவா நியூ கினி, ஃபிஜி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, நியூ கேலடோனியா, தஹிட்டி, சமோவா, அமெரிக்கச் சமோவா, டோங்கா, குக் தீவுகள்.

இவர்களுக்குள் நடக்கும் வெற்றியாளர் போட்டிதான் ஓசியானியா நாடுகள் கிண்ணம். நமக்கு ஆசியான் கிண்ணம், ஆசியக் கிண்ணம் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. 1973இல் தொடங்கியது.

2012இல் சாலமன் தீவுகளின் தலைநகர் ஹொனியாராவில் அந்தப் போட்டி நடந்தது. வழக்கம்போல நியூசிலந்துதான் வெல்லும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் அரையிறுதியில் நியூ கேலடோனியா அதை 2-0 என்று வீழ்த்தியது. இறுதியாட்டத்தில் நியூ கேலடோனியாவைத் தஹிட்டி 1-0 என்று வென்றது. அந்தக் கிண்ணத்தோடு சேர்ந்து கிடைத்ததுதான் பிரேசில் பயணம்.

அந்தத் தஹிட்டி அணியைப் பற்றி ஒரு விஷயம் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். சமோவாவை அவர்கள் 10-1 என்று வென்ற ஆட்டத்தில் 9 கோல்களைப் போட்டது ஒரே குடும்பம். மூன்று அண்ணன் தம்பிகள், அவர்களோடு நெருங்கிய உறவினர் ஒருவர். எல்லோருமே தெஹாவு. பிரேசிலுக்குப் போன அணியில் முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர்தான்: பிரான்ஸ், கிரீஸ் குழுக்களில் ஆடிய மராமா வஹிருவா. மற்றவர்களில் லாரி ஓட்டுநர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், கணக்காளர்கள் இருந்தார்கள். வேலை இல்லாதவர்களும் இருந்தார்கள்.

சரி, வழக்கமாக யார் வெல்வார்கள்?

1973 முதல் 2024 வரை 11 முறை இந்தக் கிண்ணம் நடந்திருக்கிறது. நியூசிலந்து 6 முறை, ஆஸ்திரேலியா 4 முறை, தஹிட்டி ஒரு முறை. அவ்வளவுதான் பட்டியல்.

ஆஸ்திரேலியா 2006இல் ஆசியக் கூட்டமைப்புக்கு மாறிவிட்டது. மாறியதற்கு என்ன காரணம் என்று புரிந்துகொள்ள ஓர் ஆட்டம் போதும். 2001 ஏப்ரல் 11, காஃப்ஸ் ஹார்பர் நகரம். உலகக் கிண்ணத் தகுதிச்சுற்றில் அமெரிக்கச் சமோவாவை ஆஸ்திரேலியா 31-0 என்று தோற்கடித்தது. ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். முப்பத்தொன்று. ஆர்ச்சி தாம்சன் மட்டுமே 13 கோல் போட்டார். இரண்டு நாளுக்கு முன்புதான் டோங்காவை 22-0 என்று வென்றிருந்தார்கள்.

இவ்வளவு கோல் போட்டும் ஆஸ்திரேலியா அந்த உலகக் கிண்ணத்துக்குப் போகவில்லை. ஓசியானியாவுக்கு நேரடி இடம் கிடையாது. வட்டார வெற்றியாளர் இன்னொரு கண்டத்தின் அணியோடு மோதி வென்றாக வேண்டும். அந்த ஆட்டத்தில் உருகுவேயிடம் ஆஸ்திரேலியா தோற்றது. வருடக்கணக்கில் எளிய ஆட்டங்கள், கடைசியில் திடீரென்று ஒரு மலை. தயாராவதற்கு வழியே இல்லை. அதனால் கிளம்பிவிட்டார்கள்.

31-0 ஆட்டத்தின் பின்கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கடப்பிதழ் சிக்கலால் அமெரிக்கச் சமோவாவின் வழக்கமான அணியில் ஒருவரைத் தவிர வேறு யாரும் ஆட முடியவில்லை. இளையர் அணியைக் கூப்பிடலாம் என்றால், அவர்களில் பலருக்குப் பள்ளித் தேர்வு. கிடைத்த பையன்களை வைத்து ஓர் அணியைத் திரட்டினார்கள். தகுதிபெற்ற அந்த ஒரே ஒருவர் கோல்காவலர் நிக்கி சலாப்பு. 31 கோல்களும் அவரைத் தாண்டித்தான் போயின. அவரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மீண்டும் வருவார்.

சின்ன நாடு என்பதால்தான் தோற்கிறார்களா?

பெரும்பாலோர் சொல்லும் பதில் இதுதான். மக்கள்தொகை குறைவு, அதனால் ஆள் இல்லை, அதனால் தோல்வி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கு அப்படி வரவில்லை.

குராசாவ் நாட்டை எடுத்துக்கொள்வோம். கரீபியன் தீவு. மக்கள்தொகை சுமார் 156,000. தெம்பனிஸ் வட்டாரத்தில் வசிப்பவர்களைவிடக் குறைவு. 2025 நவம்பரில் ஜமைக்காவோடு 0-0 என்று சமநிலை கண்டு, 2026 உலகக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்றது. உலகக் கிண்ண வரலாற்றில் ஆகக் குறைந்த மக்கள்தொகை கொண்ட நாடு அதுதான்.

இப்போது நியூ கேலடோனியாவைப் பாருங்கள். சுமார் 270,000 பேர். வனுவாட்டு அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஃபிஜியில் சுமார் 900,000. பாப்புவா நியூ கினியின் மக்கள்தொகை, நியூசிலந்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மக்கள்தொகைதான் காரணம் என்றால், பாப்புவா நியூ கினி அல்லவா ஓசியானியாவின் ராஜாவாக இருக்க வேண்டும்?

இன்னொரு சான்றும் உண்டு. கடற்கரைக் காற்பந்து தெரியும்தானே? மணலில், அணிக்கு 5 பேர். அதற்கும் ஃபிஃபா உலகக் கிண்ணம் நடத்துகிறது. 2015, 2017 இரண்டு முறையும் இறுதியாட்டத்துக்குப் போன அணிகளில் ஒன்று தஹிட்டி! முதல் தடவை போர்ச்சுகலிடமும் அடுத்த தடவை பிரேசிலிடமும் தோற்று இரண்டாம் இடம். ஸ்பெயினிடம் 10 கோல் வாங்கிய அதே தீவு, மணலுக்கு வந்தால் உலகின் முதல் இரண்டு அணிகளில் ஒன்று. மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது என்பார்களே, அதுதான் இது.

பெரிய திடலிலும் அவர்கள் நெருங்கி வந்த நாள்கள் உண்டு.

2004இல் அடிலெய்டில் சாலமன் தீவுகள் ஆஸ்திரேலியாவோடு 2-2 என்று சமநிலை கண்டது. இரண்டு கோல்களையும் போட்டவர் கமின்ஸ் மெனாப்பி. அந்த முடிவால் வெளியேறியது நியூசிலந்து.

2016இல் போர்ட் மோர்ஸ்பியில் நடந்த இறுதியாட்டத்தில் பாப்புவா நியூ கினி நியூசிலந்தை ஒரு கோல்கூடப் போட விடவில்லை. 0-0. கடைசியில் பெனால்டியில் 4-2 என்று கிண்ணம் கைநழுவியது.

2022இல் ஃபிஜியில் நடந்த மகளிர் நாடுகள் கிண்ணத்தில் நியூசிலந்து பங்கேற்கவில்லை. அடுத்த ஆண்டு மகளிர் உலகக் கிண்ணத்தை ஏற்று நடத்தும் நாடு என்பதால் அதற்கு ஏற்கெனவே இடம் உறுதி. பாப்புவா நியூ கினி மகளிர், ஃபிஜியை 2-1 என்று வென்று முதல் முறையாகக் கிண்ணத்தைத் தூக்கினார்கள்.

ஆகவே ஆள் இருக்கிறார்கள், திறமையும் இருக்கிறது. 1998இல் பிரான்ஸ் உலகக் கிண்ணத்தை வென்றபோது அந்த அணியில் இருந்த கிறிஸ்டியன் கரெம்பு பிறந்தது எங்கே தெரியுமா? நியூ கேலடோனியாவின் லிஃபு தீவில்.

இங்கேதான் குராசாவுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. குராசாவ் அணியில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்து, அங்குள்ள காற்பந்துப் பயிற்சிக்கூடங்களில் வளர்ந்தவர்கள். பெற்றோர், தாத்தா பாட்டியின் தீவுக்காக ஆட வருகிறார்கள். பசிபிக்கில் பெரும்பாலும் இது தலைகீழ். தீவில் பிறந்த திறமைசாலி மேலே வர வேண்டுமென்றால் தீவை விட்டுக் கிளம்ப வேண்டும்.

அப்படியானால் உண்மையான பிரச்சினை என்ன?

தூரம். அதனால் குறையும் ஆட்டங்கள்.

தஹிட்டியின் தலைநகர் பப்பீட்டேயிலிருந்து போர்ட் மோர்ஸ்பிக்கு நேர்க்கோட்டில் 6,500 கிலோமீட்டருக்கும் மேல். சிங்கப்பூரிலிருந்து தோக்கியோவே சுமார் 5,300 கிலோமீட்டர்தான். நடுவில் அனைத்துலகத் தேதிக் கோடு வேறு. இரண்டு நகரங்களுக்கும் 20 மணி நேர வித்தியாசம். ஒரே கூட்டமைப்பு, ஆனால் ஒரு அணிக்கு இன்று, மற்ற அணிக்கு நேற்று!

நேரடி விமானங்கள் குறைவு. பல தீவுகளுக்கு ஆக்லந்து, பிரிஸ்பன், நாண்டி வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். 20க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள், பயிற்றுவிப்பாளர்கள், மருத்துவக் குழு என்று டிக்கெட் போட்டுப் பாருங்கள். நாம் ஒரு நட்புமுறை ஆட்டத்துக்குக் கோலாலம்பூருக்கோ பேங்காக்குக்கோ போய்வரும் செலவையும் அதையும் ஒப்பிடவே முடியாது.

2024 போட்டியே இதற்கு நல்ல உதாரணம். ஆட்டங்கள் வனுவாட்டு, ஃபிஜி இரண்டிலும் நடப்பதாக ஏற்பாடு. தொடங்குவதற்குச் சுமார் ஒரு மாதமே இருந்த நேரத்தில் இரண்டு அடிகள் விழுந்தன. மே மாதம் வனுவாட்டுவின் தேசிய விமான நிறுவனம் நொடித்துப்போய் விமானச் சேவைகளை ரத்துச் செய்தது. அதே மாதம் நியூ கேலடோனியாவில் கலவரம் வெடித்தது. அங்கு யாருக்கு வாக்குரிமை என்பது குறித்துப் பிரான்ஸ் நாடாளுமன்றம் கொண்டுவந்த மாற்றத்தைப் பூர்வகுடிக் கனக் மக்கள் பலர் எதிர்த்தார்கள். விமான நிலையம் மூடப்பட்டது. நியூ கேலடோனிய அணி போட்டியிலிருந்து விலகியது.

எப்படியோ சமாளித்துப் போட்டியை நடத்தி முடித்தார்கள். முதல் முறையாக இறுதிக்கு வந்த வனுவாட்டு, சொந்த மண்ணில் போர்ட் விலாவில் நியூசிலந்திடம் 3-0 என்று தோற்றது.

ஆட்டங்கள் எவ்வளவு அரிதாக நடக்கின்றன என்பதையும் பாருங்கள். ஓசியானியா நாடுகள் கிண்ணம் 51 ஆண்டுகளில் 11 முறை. 2016க்குப் பிறகு அடுத்தது 2024இல்தான். இடையில் 2020 போட்டி கொவிட் பரவலால் ரத்தானது. அதாவது 18 வயதில் அணியில் சேர்ந்த ஒரு பையன் அடுத்த வாய்ப்புக்கு 26 வயது வரை காத்திருக்க வேண்டும். நம் வட்டாரத்தின் ஆசியான் கிண்ணம் 1996 முதல் 2024 வரை 28 ஆண்டுகளில் 15 முறை நடந்திருக்கிறது.

பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாகக் காற்பந்து ஆடியிருந்தால் உங்களுக்கே தெரியும். பயிற்சி வேறு, ஆட்டம் வேறு. எதிரில் முன்பின் தெரியாத ஓர் அணி நிற்கும்போது கற்றுக்கொள்வதைப் பயிற்சித் திடலில் கற்க முடியாது. தீவு அணிகளுக்குக் கிடைக்காமல் போனது அந்த அனுபவம்தான்.

ஃபிஜி அணியில் ஒரு கிருஷ்ணா

இங்கே நம் வாசகர்களுக்குக் கொஞ்சம் நெருக்கமான ஒரு கதை இருக்கிறது.

ஃபிஜிக்காக இதுவரை ஆக அதிகமான கோல் போட்டவரின் பெயர் ராய் கிருஷ்ணா. லம்பாசா ஊர்க்காரர். அவருடைய முன்னோர் வந்ததுபோல், 1879 முதல் 1916 வரை 60,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1903இலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகவும் ஆட்கள் போனார்கள். அப்படிப் போன தென்னிந்தியர்களில் தமிழர்களும் உண்டு. அவர்களின் வழிவந்தவர்களுக்காக 1926இல் தொடங்கப்பட்ட 'தென் இந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்' இன்றும் அங்கே பள்ளிகளை நடத்துகிறது. சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் காற்பந்துப் போட்டி ஒரு முக்கிய அங்கம்.

ஃபிஜியில் காற்பந்துச் சங்கம் 1938இல் தொடங்கியபோது அதன் பெயரிலேயே 'இந்தியர்' என்ற சொல் இருந்தது. பூர்வகுடி மக்களுக்கு ரக்பி, இந்தியர்களுக்குக் காற்பந்து என்று விளையாட்டே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. 1960களின் தொடக்கத்தில்தான் பெயரை மாற்றி எல்லா இனத்தவருக்கும் கதவைத் திறந்தார்கள். இன்று தேசிய அணியில் இரு சமூகத்தவரும் சேர்ந்து ஆடுகிறார்கள்.

ராய் கிருஷ்ணாவின் பாதையைக் கவனியுங்கள். லம்பாசாவிலிருந்து நியூசிலந்துக் குழுக்கள். அங்கிருந்து ஆஸ்திரேலிய லீக்கில் ஆடும் வெலிங்டன் ஃபீனிக்ஸ். 2018-19 பருவத்தில் அந்த லீக்கின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. பிறகு இந்தியன் சூப்பர் லீக். அங்கு முதல் பருவத்திலேயே அவருடைய கொல்கத்தா அணி இறுதியாட்டத்தில் சென்னையின் எஃப்சி அணியை 3-1 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கியது. (சென்னை ரசிகர்கள் மன்னிக்கவும்!)

திறமை ஃபிஜியில் பிறந்தது. ஆனால் வாரம் தவறாமல் தரமான ஆட்டம் கிடைத்தது வெளிநாட்டில். ஒரு கிருஷ்ணாவுக்கு அந்த வழி திறந்தது. மற்ற பத்துப் பேருக்கு?

இப்போது என்ன மாறியிருக்கிறது?

மூன்று விஷயங்கள்.

ஒன்று, உலகக் கிண்ணத்தில் அணிகளின் எண்ணிக்கை 32இலிருந்து 48 ஆகிவிட்டது. அதனால் ஓசியானியாவுக்கு முதல் முறையாக நேரடி இடம் ஒன்று உறுதி. இரண்டாவதாக வரும் அணிக்குக் கண்டங்களுக்கு இடையிலான தகுதியாட்டச் சுற்றில் வாய்ப்பு. 2025 மார்ச்சில் ஆக்லந்தின் ஈடன் பார்க்கில் நடந்த வட்டார இறுதியாட்டத்தில் நியூசிலந்து 3-0 என்று வென்று நேரடி இடத்தைப் பிடித்தது. தோற்ற அணி எது தெரியுமா? பத்து மாதங்களுக்கு முன்பு கலவரத்தால் விமானம்கூட ஏற முடியாமல் இருந்த அதே நியூ கேலடோனியா. 2026 மார்ச்சில் மெக்சிகோவில் அது ஜமைக்காவைச் சந்திப்பதாக முடிவானது.

இரண்டு, நாடுகள் கிண்ணத்தின் பரிசு போய்விட்டது. தஹிட்டியைப் பிரேசிலுக்குக் கூட்டிச்சென்ற கான்ஃபெடரேஷன்ஸ் கிண்ணம் 2017க்குப் பிறகு நடக்கவில்லை. ஃபிஃபா அதைக் கைவிட்டது. உலகக் கிண்ணத் தகுதிச்சுற்றும் இப்போது தனியாக நடக்கிறது. ஆகவே நாடுகள் கிண்ணத்தை வென்றால் கிடைப்பது கிண்ணமும் பெருமையும்தான். தஹிட்டி மாதிரி ஓர் அணி இன்னொரு முறை அதை வென்றாலும், ஸ்பெயினோடு ஆட அழைப்பு வராது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த ஆண்டு ஜனவரியில் ஓசியானியாவின் முதல் தொழில்முறை லீக் தொடங்கியது. 8 குழுக்கள். ஃபிஜி, பாப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், தஹிட்டி, வனுவாட்டு ஆகியவற்றிலிருந்து தலா ஒன்று. நியூசிலந்திலிருந்து இரண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து சவுத் மெல்பர்ன். தூரப் பிரச்சினைக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. வாரத்துக்கு ஒரு முறை பறப்பதற்குப் பதிலாக, எல்லாக் குழுக்களும் ஒரே ஊரில் கூடி வரிசையாகப் பல ஆட்டங்களை ஆடிவிட்டு அடுத்த ஊருக்குப் போகும். திருவிழா கடைகள் ஊர் ஊராக நகர்வதுபோல.

குறை இல்லாமல் இல்லை. எட்டில் மூன்று குழுக்கள் நியூசிலந்து, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. உலகக் கிண்ண வாசல்வரை வந்த நியூ கேலடோனியாவிலிருந்து ஒரு குழுகூட இல்லை. சமோவா, டோங்கா, குக் தீவுகள், அமெரிக்கச் சமோவாவிலிருந்தும் இல்லை. பணம் தொடர்ந்து வருமா என்பதும் பெரிய கேள்வி. ஆனாலும் ஒரு தீவுப் பையனுக்குச் சம்பளத்தோடு, வரிசையாகத் தரமான ஆட்டங்கள் சொந்த வட்டாரத்திலேயே கிடைப்பது இதுவே முதல் முறை.

நியூசிலந்தும் கிளம்பிவிட்டால் நல்லதுதானே?

பலரும் கேட்பதுதான். ஆஸ்திரேலியா போனதுபோல் நியூசிலந்தும் ஆசியாவுக்குப் போகட்டும், தீவுகளுக்குள் போட்டி சமமாக இருக்கும் என்பார்கள். 2022 மகளிர் கிண்ணம் அதற்குச் சாதகமான சான்று.

ஆனால் மறுபக்கமும் உண்டு. ஓசியானியாவுக்கு உலகக் கிண்ணத்தில் ஒரு நேரடி இடம் கொடுத்ததையே அதிகம் என்று விமர்சிப்பவர்கள் இருக்கிறார்கள். நியூசிலந்தும் இல்லாத ஒரு கூட்டமைப்புக்கு அந்த இடம் நிலைக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வசதியான அரங்குகள், ஒளிபரப்பு வருமானம், நிர்வாக அனுபவம் எல்லாம் பெரும்பாலும் ஆக்லந்தில்தான் இருக்கின்றன. தலைமையகமும் அங்கேதான்.

நியூசிலந்தும் ஒருகாலத்தில் வழி தேடி அலைந்த அணிதான். 1982 உலகக் கிண்ணத்துக்கு அது முதல் முறை தகுதிபெற்றபோது, ஆசியாவும் ஓசியானியாவும் ஒரே தகுதிச்சுற்றில் இருந்தன. கடைசி இடத்துக்காகச் சீனாவோடு மோத வேண்டியிருந்தது. அந்த ஆட்டம் நடந்த இடம் நம் பழைய தேசிய விளையாட்டரங்கம், காலாங்! 1982 ஜனவரி 10, நியூசிலந்து 2-1. உங்கள் அப்பாவோ மாமாவோ அன்று அரங்கில் இருந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

அதனால் என் கணிப்பு இது. நியூசிலந்தை வெளியேற்றுவதால் தீவுகள் வளர்ந்துவிடாது. நியூசிலந்தோடு எட்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆடி 5 கோல் வாங்குவதற்கும், ஆண்டுதோறும் ஆடி 5-ஐ 3 ஆக்கி, 3-ஐ 1 ஆக்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தொழில்முறை லீக் நிலைத்தால் இரண்டாவது நடக்கும். நாடுகள் கிண்ணமும் சொன்ன நேரத்தில், சீரான இடைவெளியில் நடந்தால் இன்னும் வேகமாக நடக்கும்.

இதெல்லாம் சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு எதற்கு?

நாமும் ஒரு தீவுதானே! "நம்ம நாடு சின்னது, காற்பந்தெல்லாம் நமக்கு வராது" என்று எத்தனை முறை காப்பிக்கடையில் கேட்டிருப்பீர்கள்? அதையே சொல்லிச் சொல்லி நாமும் நம்பிவிட்டோம்.

2025 நவம்பரில் ஹாங்காங்கில் முதலில் ஒரு கோல் பின்தங்கி, பிறகு 2-1 என்று வென்று, 2027 ஆசியக் கிண்ணத்துக்குச் சிங்கப்பூர் தகுதிபெற்றது. 1984இல் போட்டியை ஏற்று நடத்தியதால் ஆடினோம். சொந்த முயற்சியில் தகுதிபெற்றது இதுவே முதல் முறை. அந்தத் தகுதிச்சுற்றில் இந்தியா, பங்ளாதேஷ், ஹாங்காங் அணிகளோடு சொந்த மண்ணிலும் வெளியிலுமாக மொத்தம் 6 ஆட்டங்கள் நமக்குக் கிடைக்கும்படி அட்டவணை இருந்தது. ஒரு ஆட்டத்தில் சறுக்கினால் அடுத்ததில் சரிசெய்யலாம். பசிபிக் தீவுகள் பலவற்றுக்கு அந்த 'அடுத்தது' எப்போது என்றே தெரியாது.

எனவே அடுத்த முறை 10-0, 31-0 மாதிரி ஒரு எண்ணைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன், அந்த அணி அதற்கு முந்திய ஓராண்டில் எத்தனை ஆட்டங்கள் ஆடியது என்று தேடிப் பாருங்கள். பாதி விளக்கம் அங்கேயே கிடைத்துவிடும்.

சரி, நிக்கி சலாப்புவை மறக்கவில்லைதானே?

31 கோல் வாங்கியவர் காற்பந்தை விட்டுவிடவில்லை. 2011 நவம்பரில், சமோவாவின் அப்பியா நகரில் உலகக் கிண்ணத் தகுதிச்சுற்று. அமெரிக்கச் சமோவாவும் டோங்காவும் மோதின. கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றது அதே சலாப்பு. அணியில் ஜையா சாயலுவாவும் இருந்தார். உலகக் கிண்ணத் தகுதியாட்டத்தில் ஆடிய முதல் திருநங்கை அவர். அந்த அணிக்குப் புதுப் பயிற்றுவிப்பாளர் தாமஸ் ராங்கன் கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

அமெரிக்கச் சமோவா 2-1 என்று வென்றது. ஃபிஃபா அங்கீகரித்த ஆட்டங்களில் அதன் முதல் வெற்றி. சலாப்பு அதற்காகப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தார்.